பொம்மையைக் கூப்பிட வெட்கப்பட்ட மகளுக்கு

அபிஷா மக்ளே,

நேற்று மதியம் நீ போனில், "அம்மா, எனக்கு வெள்ளை பேட்ஜ் தந்துட்டாவ" என்று சொன்னாய். நான் "ஆங், நல்லது மக்ளே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். கூடப் பயிற்சி எடுத்த பிள்ளைகளின் அம்மாமார் எல்லாம் போனிலேயே சிரித்திருப்பார்கள், அழுதிருப்பார்கள். எனக்கு அதற்குமேல் வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு அடுக்களைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பயிற்சிக்காரப் பிள்ளைகளுக்குப் பச்சை பேட்ஜ், வேலை உறுதியானவர்களுக்கு வெள்ளை பேட்ஜ் என்று நீ முதல் வாரமே சொல்லியிருந்தாய். அந்த நாளிலிருந்து வெள்ளையாக எதைப் பார்த்தாலும் எனக்கு உன் சட்டைதான் நினைவு. அடுப்பில் சாளை மீன் கரிகிற மணம் வந்த பிறகுதான் எழுந்தேன். கரிந்ததை நானே தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

போனில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். எதிரே ஆள் இருந்தாலும் வராது. தாளில் எழுதும்போது மட்டும் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் கொஞ்சம் வருகிறது. நீ இதை உன்னோடு இருக்கும் பிள்ளைகளிடம் காட்டினாலும் காட்டிக்கொள். எனக்கு வெட்கம்தான். ஆனாலும் காலேஜ் முடித்துவிட்டு, வேலையில் சேர்ந்த பிறகும் எதற்கு இன்னொரு படிப்பு என்று முகம் வாடி நிற்கிற பிள்ளைகள் உன்னைப்போல இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் முதலில் விளங்கவில்லை. நாலு வருடம் நர்சிங் படித்தாய். தேர்வில் நல்ல மதிப்பெண். கோயம்புத்தூரில் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது என்று பங்குச் சாமியாரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. அதன்பிறகுதான் நீ சொன்னாய், முதல் மூன்று மாதம் பயிற்சி, அதில் தேறினால்தான் வேலை என்று. என் அண்ணன் மனைவி, உன் ஸ்டெல்லா மாமி, அதைக் கேட்டதும் வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள். "படிச்சு முடிச்ச பிள்ளைக்கு இனியும் படிப்பா? பின்ன நாலு வருசம் அங்க என்னத்த படிச்சா? ஊசி போடத் தெரியாதா அவளுக்கு?" நான் முற்றம் பெருக்குவதுபோலக் குனிந்துகொண்டேன். என் மனதிலும் அதே கேள்விதான் இருந்தது.

ஊசி போட உனக்குத் தெரியும். அது அங்கே முதல் நாளே அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. அவர்கள் பழக்க நினைத்தது வேறு என்பது அந்தப் பொம்மைக் கதையை நீ சொன்னபோதுதான் எனக்கு லேசாகப் புரிந்தது. மூச்சு நின்று கிடக்கிற ஆளுக்கு முதலுதவி செய்யப் பழக்க, ஆள் உயரத்தில் ஒரு பொம்மையைத் தரையில் கிடத்தியிருந்தார்களாம். நெஞ்சை அழுத்துவதற்கு முன்னால் தோளில் தட்டி, சத்தமாகக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் "ஐயா, ஐயா, கேக்குதா?" என்று கத்தினார்கள். உன் முறை வந்தபோது நீ பொம்மையின் காதருகே குனிந்து ரகசியம்போல ஏதோ சொன்னாய். உங்களைப் பழக்குகிற பிரியா சிஸ்டர், "அபிஷா, அவர் செத்துக்கிட்டிருக்காருங்க. தூங்கற பாப்பாவை எழுப்பாம பேசற மாதிரி பேசறீங்களே!" என்றதும் அறையே சிரித்ததாம். நீ இதைச் சொன்னபோது நானும் சிரித்தேன். பிறகு அடுக்களைக்குப் போய் நினைத்துப் பார்த்தேன். என்னை அங்கே நிறுத்தியிருந்தால் நானும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பேன். அதுகூட இல்லை, பொம்மை தானாக எழுந்து உட்காரட்டும் என்று காத்திருந்திருப்பேன்.

அதற்குப் பிறகு நீ போனில் சிரிப்பது குறைந்துபோயிற்று. நீ வாயைத் திறந்தாலே "கேரளாவா நீங்க?" என்று கேட்கிறார்கள் என்றாய். தேங்காய்ப்பட்டணம் என்றால் அது எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள், நீ ராகம் போட்டுப் பேசுவதுபோல இருக்கிறதாம், ஒரு பையன் அதேபோலப் பேசிக் காட்டுகிறானாம். கேலி பொல்லாதது இல்லைதான். ஆனால் உனக்கு அது போதுமாக இருந்தது. ஏற்கெனவே பாதி மூடியிருந்த வாய் முழுதாக மூடிக்கொண்டது. பிரியா சிஸ்டர் ஒன்றைச் சொல்லித் தந்துவிட்டு "புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டால் நீ தலையை ஆட்டுவாய். பாதி புரிந்தாலும் ஆட்டுவாய், ஒன்றும் புரியாவிட்டாலும் ஆட்டுவாய். டாக்டர் போனில் மருந்து சொன்னால் அதை எழுதி, எழுதியதை அவருக்கே திருப்பி வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்க வேண்டும் என்பது அங்கே விதி. நீ எழுதுவாய், "சரி சார்" என்பாய், வைத்துவிடுவாய். எழுதியதில் பிழை ஒன்றும் இருக்காது. ஆனாலும் பிரியா சிஸ்டர் விடுவதில்லை. "எனக்கு உங்க தலை வேண்டாம், வாய் வேணும்ங்க" என்று ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் முடிந்தபோது மற்றவர்களுக்கு வெள்ளை பேட்ஜ் வந்தது. உனக்கும் இன்னொரு பெண்ணுக்கும் மட்டும் இன்னொரு மாதம் நீட்டினார்கள். அந்த மாதத்திலும் தேறாவிட்டால் ஊருக்குத்தான். அன்று நீ அழுதாய். "நான் அங்க வாறேன் அம்மா. எனக்கு இங்க ஒக்காது, என்னால முடியாது. வீட்டுல இருந்து வேற வேலை பாத்துக்கிடுதேன்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "கரையாத மக்ளே. ஒண்ணும் மிண்டாம, வாயத் தொறக்காம இரு. மூத்த சிஸ்டர்மார் செய்யிறதப் பாத்துப் பாத்துப் படிச்சிரலாம். நாம எதுக்கு எடுத்தாலும் கேட்டுக்கிட்டு நிக்கப்பிடாது." உன்னை அங்கே நிறுத்தி வைக்க நினைத்துத்தான் சொன்னேன். உன்னை வெளியே அனுப்பிவிடக்கூடிய அந்த ஒன்றையே இன்னும் கொஞ்சம் செய் என்று நான் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை.

எங்கிருந்து வந்தது அந்தப் புத்தி என்று சொல்லட்டுமா. நம் கரையில் ஆள் கடலுக்கு இறங்கும்போது எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள், என்ன கிடைக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் கெடும். உன் அப்பா தங்கலுக்குப் போகிறவர், போனால் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கிறவர். அவர் பையைத் தூக்கும்போது நான் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன், கேள்வி கண்ணில் தெரிந்துவிடுமோ என்று. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை வாசல்படியில் நின்று, "அப்பா, எப்பம் வருவிய?" என்று கேட்டுவிட்டாய். நான் ஓடிவந்து உன் வாயைப் பொத்தினேன். அவர் திரும்பி வீட்டுக்குள் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்சநேரம் உட்கார்ந்து, பிறகு போனார். அவர் கரைக்கு வந்து சேரும்வரை எனக்கு உறக்கம் இல்லை. நீயும் அதன்பிறகு கேட்கவில்லை. வாசலில் மட்டுமல்ல, எங்கேயும் கேட்கவில்லை. நல்ல அடக்கமான பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் பெருமைதான். கடலுக்குள்ளும் அப்படித்தான் இருப்பார்கள், புதிதாக ஏறுகிறவன் வாயைத் திறக்காமல் பார்த்துத்தான் தொழில் படிப்பான் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் படகில் ஏறியதில்லை. நம் பெண்கள் யாரும் ஏறியதில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்பது உனக்குத் தெரியும். வீட்டில் கஷ்டம், அதனால் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். கஷ்டம் இருந்தது. ஆனால் யாரும் நிறுத்தவில்லை. கணக்குப் பாடத்தில் ஒரு நாள் ஒன்று விளங்கவில்லை. டீச்சர் "விளங்கிச்சா?" என்று கேட்டார், தலையாட்டினேன். மறுநாள் அதற்குமேல் ஒன்று நடத்தினார், அதற்கும் தலையாட்டினேன். கொஞ்ச நாளில் கரும்பலகையில் இருப்பது எல்லாமே வேற்றுமொழிபோல ஆகிவிட்டது. டீச்சர் நல்லவர். கேட்டிருந்தால் பக்கத்தில் உட்கார்த்திச் சொல்லித் தந்திருப்பார். நான் வயிற்றுவலி என்று ஒருநாள் நின்றேன், பிறகு இன்னொரு நாள், பிறகு போகவே இல்லை. வீட்டில் உட்கார்ந்துகொள்வது எத்தனை சுலபம் தெரியுமா. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நீ "நான் அங்க வாறேன் அம்மா" என்றபோது எனக்குப் பயம் வந்தது இதனால்தான். நீ வந்திருந்தால் இந்த வீடு உன்னை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். பெற்ற அம்மா நானே கதவைச் சாத்தியிருப்பேன், பிள்ளை பாவம், களைத்து வந்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு.

அந்த வாரம் எஞ்சின் கோளாறு என்று படகு துறைமுகத்துக்குத் திரும்பியது நம் அதிர்ஷ்டம். அப்பா குளித்துவிட்டுக் கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார். நீ அழுதாய் என்று சொன்னேன். "பிள்ள என்னத்துக்குட்டீ கரையுது?" என்று கேட்டார். விஷயத்தைச் சொல்லி, "மிண்டாம பாத்துப் படிச்சா போதும்னு சொல்லியிருக்கேன்" என்றேன்.

"அத ஆரு ஒனக்குச் சொன்னது?"

"நீங்கதான. கடலுக்குப் போற ஆளுக்கிட்ட ஒண்ணும் கேக்கப்பிடாதுன்னு."

அப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "எறங்கும்போ கேக்காதன்னு சொன்னேன். கடல்லயும் கேக்காதன்னு எப்பம்ட்டீ சொன்னேன்? அங்க மிண்டாம இருந்தா நாங்க பத்து பேரும் மீனுக்குத் தீனியாயிருவோம். பிள்ளைக்குப் போன் போடு."

அதன்பிறகு நடந்தது உனக்கே தெரியும். ஆனால் இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. அப்பா எழுந்து நின்றுகொண்டார். ஏதோ படகில் நிற்பதுபோல காலை அகட்டிக்கொண்டார். "மக்ளே, கேளு. வலைக் கயிறு இழுக்க வின்ச்னு ஒரு மெசினு உண்டு. அத ஓட்டுறவன் பின்னால நிப்பான். கயிறப் பிடிக்கிறவன் முன்னால நிப்பான். பின்னால உள்ளவன் 'ஏத்தவா?'ன்னு கத்துவான். முன்னால உள்ளவன் 'ஏத்து!'ன்னு திருப்பிக் கத்தணும். அந்தச் சத்தம் கேக்காம மெசின ஓட்டினா, ஒருத்தனுக்கக் கையி கயித்தோட போவும். நான் மொதல்ல ஏறினப்ப மிண்டாமத்தான் நின்னேன். ஸ்ராங்க் என்ன கேட்டாரு தெரியுமா? 'ஏலே, நீ மீனா மனுசனா? இந்தப் போட்டுல மிண்டாம கெடக்கது மீனு மட்டுந்தான்' அப்டின்னாரு." ஸ்ராங்க் என்றால் படகை நடத்துகிறவர் என்று உன் அறைத் தோழிகளுக்குச் சொல்லிக்கொடு.

பிறகு அவர் உன்னைப் பழக்க ஆரம்பித்தார். "இப்பம் நான் வின்ச்சு. நீ முன்னால நிக்கா. ஏத்தவா?"

நீ என்னவோ முனகினாய்.

"கேக்கல்ல! கையி போச்சு! ஏத்தவா?"

"ஏத்து..."

"இன்னொரு கையும் போச்சு! ஏட்டி, எனக்கு ரெண்டு கையிதான் உண்டு. ஏத்தவா?"

"ஏத்துங்க அப்பா!" என்று நீ ஹாஸ்டல் வராந்தாவில் நின்று கத்தியது போனைக் கிழித்துக்கொண்டு வந்தது. உன் பின்னால் பிள்ளைகள் சிரிப்பதும் கேட்டது. அப்புறம் நீயும் சிரித்தாய். ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. இந்தச் சத்தத்தில் ஸ்டெல்லா மாமி கையில் கரண்டியோடு ஓடிவந்துவிட்டாள். "எந்தா சண்ட? ஆருக்கக் கையி போச்சு?" என்றாள். அப்பா, "பிள்ளைக்கு டிரெயினிங்" என்றார். "இந்த வீட்டுல எல்லாத்துக்கும் டிரெயினிங்தான், வேல எப்பம் கிட்டுமாம்?" என்று கேட்டுவிட்டு அவள் திரும்பி நடந்தாள். அவள் மகன் பஸ் ஓட்டுகிறான். லைசன்ஸ் வாங்கிய பிறகும் பக்கத்தில் ஒருவர் இருந்து அவனைப் பழக்கிய பிறகுதான் பஸ்ஸைத் தனியாகக் கொடுத்தார்கள். அதைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவும் செய்தேன். ஆனால் அவள் வாசல் தாண்டிய பிறகு, எனக்கே கேட்காத சத்தத்தில். அவள் திரும்பி "எந்தா சொன்னா?" என்றாள். "ஒண்ணும் இல்ல மைனி" என்றேன்.

நீ என்னைவிட நன்றாகச் செய்தாய். போன வாரம் வார்டில் நடந்ததை நீ சொன்னதிலிருந்து திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். டாக்டர் போனில் மருந்து சொன்னார், அவசரத்தில் இருந்தார். நீ எழுதினாய், வாசித்துக் காட்டினாய். மருந்தின் அளவு இரைச்சலில் சரியாகக் கேட்டதா என்று உனக்குச் சந்தேகம். இன்னொரு முறை கேட்டாய். அவர், "அதான் சொன்னேனே, காது கேக்கலையா?" என்று எரிந்து விழுந்தார். பழைய அபிஷா அங்கேயே "சரி சார்" என்று வைத்திருப்பாள். நீ, "கேட்டுது சார். நான் கேட்டது சரிதானான்னு தெரியணும், ஒருவாட்டி சொல்லுங்க" என்றாய். நம்மூர் ராகத்திலேயே சொன்னாயாம், மாற்றிப் பேச அப்போது நேரம் இல்லையாம். அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நீ முதலில் எழுதியதேதான். ஒரு பிழையும் இல்லை. நோயாளி மருந்தைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். "கேட்டது வெறுதே ஆயிப்போச்சு அம்மா" என்று நீ சிரித்தாய். பின்னால் நின்றிருந்த பிரியா சிஸ்டர் மட்டும் உன் தோளைத் தட்டிவிட்டுப் போனாராம்.

வெறுதே இல்லை மக்ளே. கேட்டதால் ஒரு உயிர் தப்பியது என்று ஊரில் சொல்ல ஒரு கதை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு அந்தக் கதை வேண்டாம். நீ கேட்கிற ஒவ்வொரு முறையும் இதுபோல ஒன்றும் நடக்காமலே போகட்டும். உன் அப்பா கத்துகிற ஒவ்வொரு "ஏத்தவா"வுக்கும் கை போவதில்லை, கத்துவதால்தான் போவதில்லை. யாராவது சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும், நீ கேள். ராகம் என்று சிரித்தால் சிரிக்கட்டும், அந்த ராகத்திலேயே கேள். காலேஜில் உனக்குத் தெரிந்ததைச் சொல்லப் பழக்கினார்கள். தெரியாததைச் சொல்ல இங்கே பழக்கினார்கள். இரண்டாவதைப் பழக ஒரு மாதம் கூடுதலாக ஆனது என்று நீ குறுகிப்போக வேண்டாம். எனக்கு இத்தனை வயதாகியும் ஆகவில்லை. அடுத்து வருகிற பச்சை பேட்ஜுப் பிள்ளைகளில் எவளாவது வெறுமனே தலையாட்டினால், அவளைப் பார்த்து நீ சிரிக்காதே. பக்கத்தில் போய் நில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று நீ போனை வைக்கும் முன், "அம்மா, திருவிழாவுக்கு வர ஒக்காது கேட்டியா, அண்ணைக்கு எனக்கு டூட்டி போட்டிருக்காவ" என்று தயங்கித் தயங்கிச் சொன்னாய். நம் கோயில் திருவிழாவுக்குப் படகுகள்கூடக் கரை திரும்பும். அப்பாவும் அன்றுதான் வருவார், வந்ததும் அவரிடம் உன் பேட்ஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாளில் பெற்ற பிள்ளை வரவில்லை என்றால் எந்த அம்மாவுக்கும் மனம் நோகும் என்று நீ நினைத்திருப்பாய். இந்த ஒரு மாதமும் நீ பெட்டியோடு வந்து இறங்குவதைத்தான் நான் கனவில் கண்டு பயந்துகொண்டிருந்தேன். வர ஒக்காது என்று நீ சொன்னதும் எனக்கு மூச்சு நேராக வந்தது.

இன்று காலையில் தெருக் குழாயடியில் ஸ்டெல்லா மாமி கேட்டாள், "திருவிழாவுக்குப் பிள்ள வாறாளா?" நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். நான் நிமிர்ந்தேன். "இல்ல மைனி. அவளுக்கு டூட்டி" என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் என்று.

உன் அம்மா